படங்கள் இருந்தன, கட்டுரைகள் இல்லை: திறமூலக் கருவிகளில் இணையதளம் அமைப்பவருக்கு

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதிவந்த இணையதளம் ஒன்றை நான் பராமரித்துவந்தேன். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இயங்கிய தளம் அது. ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க இணையத்தில் இடம், கொடுத்துவந்த நிறுவனம் ஒருநாள் சேவையையே நிறுத்திவிட்டது. எனக்குப் பெரிய கலக்கம் இல்லை. தளத்தின் ஃபோல்டரை மாதம் ஒருமுறை முழுவதுமாக என் கணினியில் இறக்கிவைத்துக்கொள்வேன். வேறொரு இடத்தில் சர்வர் வாங்கி, எல்லாக் கோப்புகளையும் ஏற்றி, புதிய சர்வரின் விவரங்களைக் கொடுத்து, முகவரியைத் திறந்தேன். வேர்ட்பிரஸ் என்னைப் புதிய ஆளாக வரவேற்று, உங்கள் தளத்துக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டது.

படங்கள் அத்தனையும் ஃபோல்டரில் இருந்தன. வடிவமைப்பு இருந்தது. ஆறு ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் ஒன்றுகூட இல்லை. சிலவற்றை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலிருந்து மீட்டோம், சிலவற்றை எழுதியவர்களின் பழைய மின்னஞ்சல்களிலிருந்து எடுத்தோம். மற்றவை போயே போய்விட்டன.

தளம் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது என்று அன்று எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இந்தத் துறையில் புதிதாக இறங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான் என்று இன்று உறுதியாக நம்புகிறேன். எந்தத் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) அழகு, எந்தப் பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) சிறந்தது என்பதெல்லாம் பிறகு.

பக்கம் எப்படி வந்து சேருகிறது

உலாவியில் ஒரு முகவரியைத் தட்டுகிறீர்கள். அது மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கான பெயர். கணினிகளுக்கு எண்தான் முகவரி. டிஎன்எஸ் என்னும் அமைப்பு இந்தப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருகிறது. உலாவி அந்த எண்ணுள்ள கணினியின் கதவைத் தட்டி, "இந்தப் பக்கம் வேண்டும்" என்கிறது. அந்தக் கணினியைத்தான் சர்வர் என்கிறோம்.

சர்வரில் பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், வருகிற கோரிக்கைகளை வாங்குவதற்காகவே காத்திருக்கும். கேட்டது ஒரு படம் என்றால், ஃபோல்டரிலிருந்து எடுத்து அப்படியே அனுப்பிவிடும். கேட்டது ஒரு கட்டுரை என்றால் வேலை கொஞ்சம் நீளமானது. கோரிக்கை பிஎச்பி என்ற மொழியின் கைக்குப் போகிறது. பிஎச்பி, வேர்ட்பிரஸின் நிரல்களைப் படித்துப் பார்த்து, மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளத்திடம் அந்தக் கட்டுரையைக் கேட்கிறது. தரவுத்தளம் தலைப்பையும் உடலையும் எழுதியவர் பெயரையும் எடுத்துக் கொடுக்கிறது. அவை தீமின் அச்சில் வார்க்கப்பட்டு, உலாவிக்குப் புரியும் எச்டிஎம்எல் வடிவில் ஒரு பக்கமாகி உங்களிடம் வருகின்றன. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

ஆக, நீங்கள் படிக்கும் அந்தப் பக்கம் ஒரு கோப்பாக எங்கும் இருப்பதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது பிறக்கிறது. தளம் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது: படங்கள், தீம், பிளகின்கள் எல்லாம் ஃபோல்டரில், கட்டுரைகள், பின்னூட்டங்கள், பயனர் கணக்குகள், அமைப்புகள் எல்லாம் தரவுத்தளத்தில். நான் முதல் பாதியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே சொன்ன நான்கின், அதாவது லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகியவற்றின், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து லேம்ப் என்று சொல்வார்கள். லினக்ஸ் 1991இல் வந்தது. மற்ற மூன்றும் 1995இல் வெளியானவை. நான்கும் திறமூல மென்பொருள்கள்.

திறமூலம் என்பதன் பொருள்

இலவசமாகக் கிடைப்பதுதான் திறமூலம் என்று பலர் எண்ணுகிறார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான், ஆனால் அது இரண்டாம்பட்சம். மென்பொருளின் மூல நிரலை நீங்கள் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று எழுத்துமூலமாக உரிமம் தருவதுதான் திறமூலம். வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தின்கீழ் வருகிறது. நிரலை மாற்றி மற்றவர்களுக்குக் கொடுத்தால், இதே உரிமைகளையும் அவர்களுக்குச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை.

இணையம் இன்று இருப்பதுபோல் இருப்பதற்கே இந்த மனப்பான்மைதான் அடித்தளம். டிம் பெர்னர்ஸ்-லீ ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் உருவாக்கிய உலகளாவிய வலை மென்பொருளை, 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் பொதுவுடைமையாக அறிவித்தது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு தளம் தொடங்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

இந்த உரிமை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு வேர்ட்பிரஸின் பிறப்பையே பார்க்கலாம். பி2 என்றொரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒருகட்டத்தில் தொடர்ந்து கவனிக்கவில்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்து, அங்கிருந்து கிளை பிரித்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். இன்று உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் இயங்குகின்றன. மைஎஸ்கியூஎல் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009இல் அதே நிரலிலிருந்து மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். அது அவருடைய மகள் மரியாவின் பெயர். மைஎஸ்கியூஎல்லில் இருக்கும் 'மை'யும் அவருடைய மூத்த மகளின் பெயர்தான்.

எழுதியவர் விலகினாலும் நிறுவனம் கைமாறினாலும் நிரல் சாவதில்லை. விரும்புபவர் எடுத்து நடத்தலாம். உங்கள் தளத்துக்கும் இதே நிலைதான். திறமூலக் கருவியில் கட்டிய தளத்தை எந்தச் சர்வரிலிருந்தும் பெயர்த்து எடுத்து இன்னொன்றில் நடலாம். கட்டங்களை இழுத்துவைத்துத் தளம் கட்டவைக்கும் மூடிய சேவைகளில் நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள். அங்கேயும் எழுத்தை மட்டும் வெளியே எடுக்க முடியலாம். தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

எதை எடுப்பது

கட்டுரைகள், செய்திகள், பலர் எழுதும் தளம் என்றால் வேர்ட்பிரஸை எடுங்கள். சிக்கல் வந்தால் பதில் சொல்ல ஆள் அதிகம். தமிழ் இடைமுகமும் உண்டு. பல வகை உள்ளடக்கங்கள், பல அடுக்கு அனுமதிகள் என்று சிக்கலான அமைப்பு தேவைப்படும் நிறுவனங்களுக்கு 2001இல் வந்த டுரூபல் பொருத்தம். கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். ஜூம்லா இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒருவரே எழுதுகிறார், எளிய உரைக் கோப்புகளில் எழுதக் கூச்சமில்லை என்றால் வேறொரு பாதை இருக்கிறது. ஹியூகோ, ஜெக்கில் போன்ற நிலைத்தள ஆக்கிகள் தரவுத்தளத்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு கட்டுரையும் உங்கள் கணினியில் ஒரு சாதாரண உரைக் கோப்பு. ஒரு கட்டளை கொடுத்தால் அத்தனையையும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிவிடும். அவற்றைச் சர்வரில் வைத்தால் போதும். கேட்கும்போது பிறக்கும் பக்கம் என்ற பேச்சே இங்கே இல்லை. எல்லாம் முன்னமே பிறந்து தயாராக நிற்கின்றன. வேகம் அதிகம், உடைத்து உள்ளே நுழைய வழியும் குறைவு. ஃபோல்டரை நகலெடுத்தால் முழுத் தளத்தையும் நகலெடுத்ததாக ஆகிறது. என் சொந்தத் தளத்தை இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கணினிப் பழக்கம் குறைந்த நான்கு பேர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும், முதல் ஒரு மாதம் சொந்தக் கணினியிலேயே பழகுங்கள். எக்ஸ்ஏஎம்பிபி என்ற தொகுப்பை நிறுவினால் அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றும் உங்கள் கணினியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தரவுத்தளத்தை உலாவியிலேயே கையாள உதவும் பிஎச்பி-மைஅட்மின் என்ற பக்கத்தைத் திறந்து ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்குங்கள். வேர்ட்பிரஸை இறக்கி, பிரித்து, சர்வர் ஃபோல்டருக்குள் வையுங்கள். உலாவியில் திறந்தால் அது கேட்கும் விவரங்களில் நான்கு முக்கியம்: தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளம் இருக்கும் கணினி. இந்த நான்கும் wp-config.php என்ற ஒரு கோப்பில் எழுதப்படும். ஃபோல்டருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே உள்ள ஒரே முடிச்சு அந்தக் கோப்புதான். பழகுகிற நாளில் அதைத் திறந்து, கடவுச்சொல்லில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள். தளம் முழுவதும் மறைந்து, தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி மட்டும் வரும். திரும்பத் திருத்துங்கள், தளம் வந்துவிடும். என்றைக்காவது உண்மையான தளத்தில் அந்த வரியைப் பார்த்தால் பதற மாட்டீர்கள். எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

பிளகின்களைப் பற்றி ஒரு வார்த்தை. வேர்ட்பிரஸுக்குப் பல்லாயிரக்கணக்கில் பிளகின்கள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு பொத்தானை அழுத்தும் தூரத்தில். ஒவ்வொன்றும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் என்பதையும், அது உங்கள் தரவுத்தளம் முழுவதையும் தொடும் உரிமையுடன் இயங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. நிறுவும் முன், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளாக யாரும் தொடாத பிளகினை நான் எடுப்பதில்லை. வேண்டாதவற்றை முடக்கினால் மட்டும் போதாது, அழித்துவிட வேண்டும்; முடக்கிய பிளகினின் கோப்புகள் சர்வரில் அப்படியேதான் கிடக்கும்.

தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை

வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்பு வைத்தால், அதே தமிழ்ச் சொற்களைக் கொண்டு பக்கத்தின் முகவரியும் தானாக உருவாகும். பார்க்க அழகாக இருக்கும். அந்த முகவரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள்: சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு பெரிய சரம் வரும். காரணம் இதுதான். 'திறமூலம்' என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனிக் குறிகள் என்பதால் கணினிக்கு அது எட்டுக் குறிகள். குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக எழுதப்படும். ஆக 'திறமூலம்' என்ற ஒரு சொல் முகவரியில் 72 எழுத்துகளை அடைத்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள்தான். அதாவது 22 தமிழ்க் குறிகளோடு முகவரி வெட்டுப்பட்டுவிடும். நீளமான தமிழ்த் தலைப்புகளின் முகவரி பாதியில் நிற்பது இதனால்தான். தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். முகவரிக்கு மட்டும் இரண்டு மூன்று சிறு சொற்களை நீங்களே எழுதிக்கொடுங்கள்.

தரவுத்தளத்தை உருவாக்கும்போது எழுத்துக்குறி முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். யூடிஎஃப்8-எம்பி4 (utf8mb4) என்பதைத் தேர்ந்தெடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்று இருந்த பழைய முறை ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் அடங்கிவிடும். எமோஜி அடங்காது. முந்திரி, மாகாணி போன்ற நம் பழைய பின்னங்களுக்கான குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்கும் 4 பைட் வேண்டும் என்பதால் அவையும் அடங்கா.

தளத்தை இடம் மாற்றும்போது தமிழ் சிதைந்து தெரிந்தால், எப்படிச் சிதைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். தலையில் கோடும் வளையமும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கிற முறைதான் தவறு. வரிசையாகக் கேள்விக்குறிகள் தரவுத்தளத்துக்குள்ளேயே பதிந்திருந்தால், அந்த எழுத்துகள் போய்விட்டன. பழைய சர்வரை மூடும் முன்பே இதைச் சரிபார்க்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

பராமரிப்பு

தளம் கட்ட ஒரு வாரம் போதும். அதை வைத்துக் காப்பாற்றுவது ஆண்டுக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை.

புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். திறமூல மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும்போது, அடைத்த நிரல் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைப் பார்த்தே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துகொண்டு, இன்னும் அடைக்காத தளங்களைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2014 அக்டோபர் 15 அன்று டுரூபல் 7இல் இருந்த ஒரு கடும் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. இரண்டு வாரம் கழித்து டுரூபல் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிவிப்பு, திருத்தம் வந்த 7 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காத ஒவ்வொரு தளமும் உடைக்கப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று எச்சரித்தது. வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அன்று நேரம் இருக்கவில்லை. வேர்ட்பிரஸ் 2013 முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்கிறது. அந்த வசதியை அணைத்துவைக்காதீர்கள்.

பூட்டுக் குறிக்கும் எச்டிடிபிஎஸ் முகவரிக்கும் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் இலவசமாக வழங்கிவருகிறது. 90 நாள் கணக்கில் தொடங்கிய குறுகிய காலச் சான்றிதழ் என்பதால், அதைத் தானே புதுப்பிக்கும் ஏற்பாடு சர்வரில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். டொமைன் பெயர், அதாவது உலாவியில் தட்டும் தளத்தின் பெயர், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் பெயரில் அது இருந்தால், நாளை அவரைத் தேடி அலைய நேரும். மென்பொருள், தரவு எல்லாம் உங்களிடம் இருந்தும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை வேறொருவருடையதாக இருக்கும்.

இனி பேக்கப். ஃபோல்டர், தரவுத்தளம் இரண்டும் வேண்டும். பிஎச்பி-மைஅட்மினில் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் தரவுத்தளம் முழுவதும் ஒரே உரைக் கோப்பாக இறங்கும். அதை ஒருமுறை உரைத்தொகுப்பியில் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய கட்டுரையின் வரிகள் அதற்குள் கிடப்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம். அன்று நான் இதைச் செய்திருந்தால் ஆறு ஆண்டு எழுத்தும் ஒரு சிறு கோப்பாக என்னிடம் இருந்திருக்கும். படங்களோடு ஒப்பிட்டால் எழுத்து அடைக்கும் இடம் மிகக் குறைவு. அந்தக் கோப்பைச் சர்வரிலேயே வைத்துவிடாதீர்கள். சர்வர் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

எடுத்துவைத்தால் மட்டும் போதாது, திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். சொந்தக் கணினியில் முன்பு பழகிய அந்த எக்ஸ்ஏஎம்பிபிக்கு இங்கேதான் இரண்டாம் வேலை. புதிய வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, இறக்கிய கோப்பை அதில் ஏற்றுங்கள். ஃபோல்டரை வைத்து, நான்கு விவரங்களை மாற்றுங்கள். பிறகு தரவுத்தளத்தில் பதிந்திருக்கும் பழைய முகவரியை மாற்ற வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உரைத்தொகுப்பியில் தேடி மாற்றினால் சில அமைப்புகள் உடைந்துபோகும். வேர்ட்பிரஸ் சில தகவல்களை, 'இங்கே 24 எழுத்துள்ள சரம் வருகிறது' என்று நீளத்தையும் சேர்த்தே எழுதிவைக்கிறது. முகவரியின் நீளம் மாறி அந்த எண் மாறாமல் நின்றால், பிஎச்பி அதைப் படிக்க மறுத்துவிடும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவியில் உள்ள தேடி-மாற்றும் கட்டளை அந்த எண்களையும் சேர்த்துத் திருத்தும், அதையே பயன்படுத்துங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போது இதைச் செய்கிறேன். ஏற்றி முடித்ததும் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுவேன். ஒரு படமாவது இன்னும் பழைய சர்வரிலிருந்து வந்துகொண்டிருந்தால் அப்போது வெற்றுக் கட்டமாகத் தெரிந்துவிடும். பிறகு தளத்தின் மிகப் பழைய கட்டுரையைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசிப் பின்னூட்டம்வரை படித்துப் பார்ப்பேன்.